வீல்சேர்ல வர்ற கஸ்டமர் முன்னாடி எப்படி ஆடறது? பாண்டி பார் டான்ஸர் கேக்கறேன்

சலங்கை_மஞ்சக்குப்பம் | ஞாயிறு, விடிகாலை 2:10

தூக்கம் வரல, அதான் இங்க வந்து கொட்டறேன். ஊரு கடலூர். எட்டு வருஷம் ஆடல் பாடல் ட்ரூப்ல இருந்தேன். ஆடி மாசம் அம்மன் கோயில் செடல் திருவிழா சீசன் வந்தா ஒரே நைட்ல ரெண்டு ஊரு. இப்ப மூணு வருஷமா வெள்ளி, சனி மட்டும் பாண்டில ஒரு ரெஸ்டோ பார்ல ஆடறேன். கடை பேரு கேக்காதீங்க.

எங்க கடை ரூல் இதுதான். ஸ்டேஜ்ல ஆடணும். நடுவுல இறங்கி டேபிள் டேபிளா போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரலாம். தொடறது ரெண்டு பக்கமும் கிடையாது. டிப்ஸ் பெட்டியில போடணும், தலைக்கு மேல வீசக் கூடாது.

நேத்து மூணு பேரு வந்தாங்க, அதுல ஒருத்தர் வீல்சேர்ல. முப்பது வயசு இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல சென்ட். வாசல்ல நாலு படி. பவுன்சர் ரெண்டு பேரு சேரோட தூக்கிட்டு வந்து வெச்சாங்க. தூக்கிட்டு வர்றப்ப அவரு யாரையும் பாக்கல, சுவத்துல இருந்த எக்ஸிட் போர்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

நான் டேபிளுக்குப் போய், பக்கத்துல நின்னவர்கிட்ட "இவரு என்ன பாட்டு கேப்பாரு?"ன்னு கேட்டுட்டேன். எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல. அவரு சொந்த அண்ணனாம். என்னைத் தனியா கூப்பிட்டு ஐநூறு தாள் நாலு மடிச்சுக் குடுத்து, "தம்பிக்கு ஆக்சிடென்ட் ஆகி ஆறு வருஷம் ஆச்சும்மா. வெளிய எங்கயும் கூட்டிட்டு வந்ததில்ல. பாவம், கொஞ்சம் ஸ்பெஷலா கவனி"ன்னாரு. அடுத்த பாட்டு முழுக்க நான் அவரு முன்னாடியே நின்னு ஆடினேன். லைட்மேனும் லைட்டத் திருப்பி அவரு மேல போட்டுட்டான். கடையே எழுந்து கை தட்டுச்சு, அவரு மட்டும் தட்டல. பத்து நிமிஷத்துல பில்லு கேட்டுக் கிளம்பிட்டாங்க.

நான் கெட்ட எண்ணத்துல செய்யல. ஆனா எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு மட்டும் தெரியுது. இங்க வீல்சேர் யூஸ் பண்றவங்க இருந்தா சொல்லுங்க.

---

நாலுசக்கரம் | ஞாயிறு, காலை 7:32

அந்த டேபிள்ல இருந்தது நான் இல்ல. ஆனா எக்ஸிட் போர்டு எனக்கு நல்லாத் தெரியும். கல்யாண மண்டபம், பேங்க், ரெஜிஸ்டர் ஆபீஸ்னு என்னைத் தூக்கிட்டுப் போற எல்லா எடத்துலயும் ஏதாவது ஒரு போர்டு இருக்கும், பாக்கறதுக்கு.

நான் நெல்லிக்குப்பம். பைக்ல விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு பதினோரு வருஷம் ஆகுது. தங்கச்சி, வரிசையா சொல்றேன், கோச்சுக்காதீங்க.

மொதல்ல தூக்கறது. உங்க பவுன்சர்கிட்ட சொல்லுங்க, "எங்க புடிக்கட்டும்?"னு கேட்டுட்டுத் தூக்கணும். கைப்பிடி, கால் வைக்கிற பலகை எல்லாம் நெறைய சேர்ல கழண்டு வர்ற மாதிரி இருக்கும். அதப் புடிச்சுத் தூக்கினா பலகை அவங்க கையில இருக்கும், நான் தரையில இருப்பேன். எனக்கு ஒரு தடவை நடந்திருக்கு.

அடுத்து அண்ணன்கிட்ட கேட்டது. ஹோட்டல்ல சர்வர் என் எதிர்லயே நின்னுக்கிட்டு என் பொண்டாட்டிகிட்ட "சாருக்கு இட்லியா தோசையா?"ம்பாரு. அடிபட்டது முதுகு, நாக்கு இல்ல. தெரியாம கேட்டுட்டீங்கன்னா உடனே அவரு பக்கம் திரும்பி அவருகிட்டயே கேளுங்க, அது போதும். பேச நேரமாகும்னா ஒரு சேர் இழுத்துப் போட்டு உக்காந்து பேசுங்க. அண்ணாந்து பாத்தே கழுத்து வலிக்கும். வீல்சேர் மேல சாயறது, கைப்பையை மாட்டறது வேணாம். அது என் உடம்பு மாதிரிதான்.

உங்க கடையில தொடறது இல்லைன்னீங்க, நல்லது. தொடற கடையில ஆடற பொண்ணுங்க படிச்சாங்கன்னா அவங்களுக்காக இத எழுதறேன்: மடியில சட்டுனு உக்காந்துடாதீங்க. இடுப்புக்குக் கீழ எனக்கு உணர்ச்சி கிடையாது. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, மறுநாள் பாத்தா புண்ணு. அது ஆற மாசக்கணக்குல படுக்கையில கிடக்கணும். பேண்ட்டுக்குள்ள யூரின் பை டியூப் போகும், அது மடங்கினா அடைச்சுக்கும். சிலருக்கு அதனாலேயே பிரஷர் எக்கச்சக்கமா ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும்.

இந்த எல்லாத்தையும் விட, அந்த லைட்டு. வீட்டை விட்டு வெளிய வந்து, எல்லாரையும் போல இருட்டுல உக்காந்து, யாருன்னே தெரியாத ஆளா ஒரு பீர் குடிக்கத்தான் அவரு வந்திருப்பாரு. நீங்க லைட்டப் போட்டுட்டீங்க.

---

கோரிமேடு_காத்து | ஞாயிறு, காலை 8:05

அந்த 2000 என்ன ஆச்சு?

---

சலங்கை_மஞ்சக்குப்பம் | ஞாயிறு, காலை 11:40

@கோரிமேடு_காத்து பெட்டியில போட்டேன். ராத்திரி ஏழு பேரு பிரிச்சுக்கிட்டோம்.

@நாலுசக்கரம் அண்ணே, படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கவுத்து வெச்சுட்டேன். லைட்டு விஷயம் எனக்குத் தோணவே இல்ல. நாங்க லைட்டுக்காக அடிச்சுக்கிற ஜாதி, மேல லைட் விழுந்தா சந்தோஷம்னுதான் எங்களுக்குத் தெரியும்.

---

நல்ல_உள்ளம் | ஞாயிறு, பகல் 12:15

சகோதரி நீங்க செஞ்சதுல தப்பே இல்ல. அவங்களுக்கு யாரு இருக்கா? நாலு பேரு கை தட்டினா சந்தோஷம்தானே. அவங்களும் கடவுளின் குழந்தைகள். கொஞ்சம் கூடக் குறைய நடந்துக்கிட்டாலும் பொறுத்துப் போகணும்.

---

மேக்கப்_பெட்டி | ஞாயிறு, பகல் 1:50

வந்துட்டாருய்யா நல்ல உள்ளம். "கூடக் குறைய" நடந்துக்கிட்டா பொறுத்துப் போறது யாரு, நீங்களா?

நான் இருபது வருஷம் ஆடினவ, இப்ப பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். பண்ருட்டி பக்கம் ஒரு திருவிழாவுல, காலு சூம்பின ஆளு ஒருத்தரு, கட்டையோட ஸ்டேஜ் படிகிட்ட உக்காந்திருந்தாரு. நான் இறங்கறப்ப பாவாடையப் புடிச்சு இழுத்துட்டாரு. தட்டிவிட்டேன். ஊரே என் மேல பாய்ஞ்சுது, "நொண்டியப் போயி அடிக்கறா"ன்னு. அந்தாளு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. அவருக்குத் தெரியும், ஊரு அவரு பக்கம்னு. கால்தான் சரியில்ல, கணக்கு நல்லாவே போட்டாரு.

அதே ட்ரூப்ல கீபோர்டு வாசிச்ச பையனுக்குக் கண்ணு தெரியாது. நைட்டு ரெண்டு மணிக்கு வேன்ல நாங்க தூங்கி வழியறப்ப எவனாவது கை நீட்டினா மொத சத்தம் அவன் கிட்டேருந்துதான் வரும். அதனால சொல்றேன், குழந்தையும் கிடையாது, கடவுளும் கிடையாது. நல்லவனும் இருக்கான், பொறுக்கியும் இருக்கான். மத்த ஆம்பிளைங்க மாதிரியேதான்.

பாப்பா, உனக்கு ஒண்ணு சொல்றேன். பாவங்கிறத கிரீன் ரூம்லயே கழட்டி வெச்சுட்டுப் போ. மத்த டேபிளுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் அவரு டேபிளுக்கும். மத்தவனுக்கு எந்த எடத்துல "கைய எடு"ன்னு சொல்லுவியோ, அதே எடத்துல அவருக்கும் அதே குரல்ல சொல்லு. அண்ணன் காசு குடுத்தா "அவரு கேக்கட்டும்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடு. அண்ணனுக்கு வேணும்னா அண்ணன் முன்னாடி ஆடு.

---

நல்ல_உள்ளம் | ஞாயிறு, பகல் 2:20

நான் தப்பான அர்த்தத்துல சொல்லலை.

---

நாலுசக்கரம் | ஞாயிறு, பகல் 2:41

தெரியும் சார். நீங்க எல்லாருமே தப்பான அர்த்தத்துல சொல்றதில்ல, அதான் பிரச்சனை. மேக்கப் பெட்டி அக்கா என்னை ஒரு பொறுக்கியா இருக்க வாய்ப்பு உள்ள மனுஷனா பாக்கறாங்க. எனக்கு அதுவே மரியாதையா இருக்கு.

---

விரல்நுனி | ஞாயிறு, மாலை 5:10

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். பள்ளி ஆசிரியர். பார்வையற்றவன் என்றே சொல்லுங்கள். "அகக்கண்" என்றெல்லாம் எழுதினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இன்னொரு வேண்டுகோள்: எமோஜிகளை வரிசையாகப் போடாதீர்கள். என் போன் ஒவ்வொன்றையும் "கண்ணீருடன் சிரிக்கும் முகம்" என்று சலிக்காமல் படிக்கிறது.

பார்க்க முடியாதவன் நடனம் நடக்கும் இடத்துக்கு ஏன் போகிறான் என்று சிலருக்குத் தோன்றும். சலங்கை, தரையில் கால் விழும் கனம், பக்கத்து மேசைக்காரன் எந்த இடத்தில் மூச்சு விடாமல் இருக்கிறான் என்பது, இவையெல்லாம் எனக்குப் போதும். அதைவிட, நண்பர்கள் எல்லோரும் போகிறார்கள், நானும் போகிறேன்.

ஆடுபவர் அருகில் வந்தால் முதலில் பெயரைச் சொல்லட்டும். "நான் யாருன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" விளையாட்டு வேண்டாம். ஐந்து வயதிலிருந்து விளையாடிச் சலித்துவிட்டேன். கிளம்பும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். இரைச்சலில் நீங்கள் போனது தெரியாமல் காலி நாற்காலியிடம் நான் பேசிக்கொண்டிருந்தால் அந்த அவமானம் என்னுடையது. எங்காவது அழைத்துப் போக வேண்டுமானால் என் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை நீட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 200 ரூபாய்த் தாளின் நீளம் 146 மில்லிமீட்டர், 500 ரூபாய்த் தாள் 150. வித்தியாசம் நான்கே மில்லிமீட்டர். புதுத்தாளாக இருந்தால் ஓரத்தில் புடைப்பாக இருக்கும் சாய்வுக் கோடுகளைத் தடவி எண்ணலாம், ஐந்நூறில் ஐந்து கோடு. கசங்கிய தாளில் ஒன்றும் தெரியாது. தாளை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020இல் மணி என்று ஒரு செயலி வெளியிட்டது. ஆனால் நோட்டைக் கேமரா முன் காட்ட வேண்டும், பார் வெளிச்சத்தில் திணறும், அது சொல்வது பாட்டுச் சத்தத்தில் காதிலும் விழாது. அதனால் நான் வீட்டிலேயே ஐந்நூறை நீளவாக்கிலும் இருநூறை நான்காகவும் மடித்துக் கொண்டுபோவேன். அப்படியும் ஒருமுறை டிப்ஸ் பெட்டியில் மாற்றிப் போட்டுவிட்டேன். அந்தப் பெண் கூப்பிட்டு, "சார், ஐநூறு போட்டீங்க, தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்று கேட்டார். தெரியாமல்தான் போட்டேன். "தெரிஞ்சுதான்" என்று சொல்லிவிட்டேன்.

---

டிஜே_முத்தியால்பேட்டை | ஞாயிறு, இரவு 9:20

ஐயா உங்க கடைசி வரிக்கு ஒரு ரவுண்டு என் கணக்குல.

என் பங்குக்கு லைட்டு. படபடன்னு மின்னற ஸ்ட்ரோப் சிலருக்கு வலிப்பக் கிளப்பிவிடும். வலிப்பு நோய் இருக்கறவங்க எல்லாருக்கும் இல்ல, நூத்துல மூணு பேரு மாதிரி. ஆனா அந்த மூணு பேருல ஒருத்தர் நம்ம கடைக்கு வந்தா? நொடிக்கு மூணு தடவைக்கு மேல மின்னற மாதிரி நான் இப்ப வைக்கறதே இல்ல. வாசல்ல "ஸ்ட்ரோப் லைட் உண்டு"ன்னு எழுதி ஒட்டச் சொன்னேன், ஓனர் ஏதோ சாமி பட ஸ்டிக்கர் மாதிரி நினைச்சு கல்லாவுக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிருக்காரு.

யாருக்காவது வந்துட்டா தயவுசெஞ்சு சாவிக்கொத்தக் கையில திணிக்காதீங்க. வாயில ஸ்பூனும் வேணாம். லைட்டு, பாட்டு ரெண்டையும் நிறுத்திட்டு, கண்ணாடி கிளாஸ நகத்திட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.

---

சைகை_அக்கா | திங்கள், காலை 10:02

என் தம்பி காது கேளாதவன், பேச மாட்டான். அவனுக்குப் புடிச்ச எடமே ஸ்பீக்கர் பக்கத்து டேபிள்தான். டேபிள் மேல உள்ளங்கைய வெச்சா பாஸ் அடிக்கறது தெரியும். சர்வருங்க பாவம்னு ஓரமா அமைதியான எடத்துல உக்கார வெச்சுடுவாங்க. பட்டினி போட்டு பந்தியில உக்கார வெச்ச மாதிரி.

அவன்கிட்ட கத்திப் பேசாதீங்க, சுத்தி இருக்கறவங்கதான் திரும்பிப் பாப்பாங்க. வாயசைவ படிப்பான், ஆனா கலர் லைட்டு மாறி மாறி விழற எடத்துல அதுவும் முடியாது. போன்ல டைப் பண்ணிக் காட்டுங்க. புடிச்சிருந்தா ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டுவான், அதான் அவங்க கை தட்டல். ஒரு தடவை அதப் பாத்துட்டு பவுன்சர் கூப்பிட்டாங்கன்னு நினைச்சு ஓடி வந்தாரு.

---

வாசல்_காவல் | திங்கள், பகல் 3:33

பவுன்சர்னு நாலஞ்சு தடவை அடிபடுது, அதனால நானே வந்துட்டேன். அரியாங்குப்பம். ஒன்பது வருஷ சர்வீஸ்.

ஒரு தப்ப ஒத்துக்கறேன். ஒரு பையன் வந்தான், நடை தள்ளாடுது, பேச்சு குழறுது. "ஏற்கெனவே ஃபுல்லா இருக்க, வீட்டுக்குப் போ"ன்னு தோளப் புடிச்சுத் திருப்பி விட்டேன். பின்னாடி நின்ன அவங்க அம்மா "அவனுக்கு மூளை முடக்குவாதம், இன்னும் ஒரு சொட்டு குடிக்கல"ன்னாங்க. நான் ஊதச் சொல்லிப் பாத்தேன், அதுவும் தப்புன்னு இப்பத் தோணுது. காபி வாசனைதான் அடிச்சுது. அதுக்கப்புறம் உள்ள வாங்கன்னு எவ்வளவு கூப்பிட்டும் வரல.

இப்ப நான் பண்றது: நடையையும் பேச்சையும் வெச்சு முடிவு பண்றதில்ல. நின்னு, அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் கேக்கறேன். புரியலன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டாம "இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேக்கறேன். குடிச்சவனுக்கு நிமிஷத்துக்கு ஒரு கதை இருக்கும், இவரு ரெண்டாவது தடவையும் அதேதான் சொல்லுவாரு.

---

கறுப்புக்கோட்டு | திங்கள், மாலை 6:48

வாசல்_காவல் சொன்னது சின்ன விஷயம் இல்லை. ஜீஜா கோஷ் வழக்கு ஞாபகம் வருகிறது. மூளை முடக்குவாதம் உள்ள செயற்பாட்டாளர். 2012இல் கொல்கத்தாவில் விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை இறக்கிவிட்டார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

அதே ஆண்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு: பொது இடத்தில் கேவலப்படுத்தும் நோக்கத்தோடு மாற்றுத்திறனாளியை அவமதித்தால் 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டம் பொதுக்கட்டடம் என்று சொல்வதில் தனியார் நடத்தும் பொழுதுபோக்கு இடங்களும் அடங்கும். எனவே உங்கள் நாலு படியும் அதற்குள் வரும்.

ஆடுபவர்கள் பக்கமும் சட்டம் உண்டு. மகாராஷ்டிர பார் நடன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் டிப்ஸ் வாங்கலாம், ஆனால் ஆடுபவர் மேல் பணத்தை வீசக் கூடாது என்றது. அது அந்த மாநிலத்துச் சட்டம் பற்றிய தீர்ப்பு. ஆனாலும் சலங்கையின் கடையில் பெட்டி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

---

சொல்தா_பேரன் | திங்கள், இரவு 11:55

தாத்தா பிரெஞ்சு பட்டாளம், நான் பாரிஸ் பக்கம் இருக்கேன். இங்க 2005 பிப்ரவரி 11ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்ததுலேருந்து பார், டான்ஸ் கிளப் எல்லாமும் படி இல்லாம வழி வைக்கணும். பத்து வருஷம் டயம் குடுத்தாங்க, இன்னும் எத்தனையோ கடையில ஒத்தப் படி அப்படியே இருக்கு. அமெரிக்காவுல 1990லயே சட்டம். அங்க கிளப்புல மடியில உக்காந்து ஆடறதும் உண்டு, நாலுசக்கரம் அண்ணன் சொன்னது அங்கதான் மொதல்ல படிக்க வேண்டிய பாடம். உக்கார்றதுக்கு முன்னாடி "எங்க தொடலாம், எங்க கூடாது"ன்னு வாயால கேட்டுக்கிட்டா முடிஞ்சுது.

---

பண்பாட்டுக்_காவலன் | செவ்வாய், காலை 6:15

[நெறியாளர் நீக்கியது: "இதெல்லாம் ஒரு தொழிலா" என்று கேட்க இந்த இழை இடம் இல்லை.]

---

சலங்கை_மஞ்சக்குப்பம் | செவ்வாய், பகல் 12:30

எல்லாத்தையும் ஓனர்கிட்ட படிச்சுக் காட்டினேன். வக்கீல் சார் எழுதினதுக்குத்தான் காது குடுத்தாரு. சாய்தளம் போடலாம்னு கேட்டா, மேஸ்திரி வந்து பாத்துட்டு ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்ங்கறாரு. எங்க நாலு படி ரெண்டு அடி, 24 அடி போனா எதிர் வீட்டு வாசல்ல போய் முட்டும்.

ஆனா ஒண்ணு கண்டுபுடிச்சோம். பின்னாடி சந்து வழியா சரக்குப் பெட்டி இறக்குற கதவு தரை மட்டம். படியே இல்ல! இத்தனை வருஷமா பீர் பெட்டிக்கு மட்டும் சரியான வழி வெச்சிருக்கோம். @நாலுசக்கரம் அண்ணே, அந்த வழியா வரச் சொன்னா அவமரியாதையா?

---

நாலுசக்கரம் | செவ்வாய், பகல் 12:52

நாலு பேரு தூக்கி, எக்ஸிட் போர்டு பாக்கறதுக்குப் பதிலா, சந்து வழியா என் கையால தள்ளிட்டு வர்றது ராஜ மரியாதை. ஆனா பெட்டிய வழியில அடுக்காதீங்க, குப்பைத் தொட்டிய நகத்துங்க, அங்க ஒரு பல்பு போடுங்க. முன் வாசல்ல போர்டும் வைங்க, இப்படி ஒரு வழி இருக்குன்னு. கேட்டாதான் சொல்லுவோம்னா அது கள்ளச் சாவி மாதிரி.

அப்புறம் பாத்ரூம் கதவ டேப் வெச்சு அளங்க. 90 சென்டிமீட்டர் இருந்தா நல்லது. நான் பார்ல பீர் குடிக்காததுக்குக் காரணம் கல்லீரல் இல்ல, அந்தக் கதவு.

---

சலங்கை_மஞ்சக்குப்பம் | செவ்வாய், மாலை 4:05

71. கதவு மாத்த ஆள் கூப்பிட்டிருக்கு.

---

சலங்கை_மஞ்சக்குப்பம் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, விடிகாலை 1:58

இழை மேல வரட்டும்னுதான் எழுதறேன். நேத்து அவரு வந்தாரு. அண்ணன் இல்ல, ரெண்டு ஃபிரெண்ட்ஸ். முன்னாடி போர்டு பாத்துட்டு சந்து வழியா அவரே வந்துட்டாரு. பல்பு எரிஞ்சுது, பெட்டி ஒண்ணே ஒண்ணு வழியில இருந்துச்சு, அத ஃபிரெண்டு காலால தள்ளிட்டாரு.

ரெண்டாவது பாட்டு முடிஞ்சு டேபிளுக்குப் போனேன். சேர் இழுத்துப் போட்டு உக்காந்து, "போன தடவை நான் செஞ்சது சரியில்ல சார்"னேன். "லைட்டப் போட்டது யாரு?"ன்னாரு. கையக் காட்டினேன். லைட்மேன் குனிஞ்சு ஒயரு தேடற மாதிரி நடிச்சான். என்ன பாட்டு வேணும்னு அவருகிட்டயே கேட்டேன். ஒரு குத்துப் பாட்டு சொன்னாரு. அது எங்க லிஸ்ட்ல இல்ல, பிராக்டீஸ் இல்லாம ஆட மாட்டேன்னு சொல்லிட்டேன். "அப்ப எதுக்குக் கேட்டீங்க?"ன்னு மொறைச்சாரு. மத்த டேபிள்ல எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் இருந்துட்டு எழுந்து வந்துட்டேன்.

கடை சாத்தற வரைக்கும் இருந்தாங்க. பெட்டியில ஐம்பது ரூபா போட்டுட்டுப் போனாரு. ஐம்பது! கஞ்சன்.

---

நாலுசக்கரம் | ஞாயிறு, காலை 7:11

நானா இருந்தா இருபது.